வலி தீர்க்கும் கைக்கு வலி வந்தால்...?

பிறரை நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்டுகளின் கதை

"படக்!"

இடுப்பில் ஒரு சத்தம். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டுமே கேட்டது.

அப்போது அவருடைய கைகளில் ஒரு நோயாளி இருந்தார். பக்கவாதத்தால் வலது கையும் காலும் விழுந்துபோனவர். எடை 80 கிலோ. இரு பக்கமும் கம்பி போட்ட நடைமேடையில் அவரை நிறுத்தி, அடி எடுத்து வைக்கப் பழக்கிக்கொண்டிருந்தார் அந்தப் பெண்.

திடீரென்று நோயாளியின் முழங்கால் மடங்கியது. அப்படியே சாய்ந்தார். அந்தப் பெண் பாய்ந்து பிடித்தார். அவருடைய எடை 50 கிலோ!

நோயாளி தப்பினார். அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. பிடித்தவரின் முதுகுதான் போய்விட்டது.

"அன்றைக்கு என் வயது 26. இத்தோடு என் வேலை முடிந்தது என்றே நினைத்தேன்" என்கிறார் அவர்.

இன்று அவருக்கு வயது 45. இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறார். எப்படி? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டின் தென் பகுதியில் ஒரு நகரத்தில் அவரைச் சந்தித்தேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதற்கும் காரணம் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

என்ன வேலை இது?

பிசியோதெரபி என்றால் என்ன? மருந்தையும் கத்தியையும் நம்பாமல், பயிற்சியாலும் கைப்பக்குவத்தாலும் உடம்பை மீண்டும் இயங்க வைக்கும் வைத்தியம். தமிழில் இயன்முறை மருத்துவம் என்று சொல்கிறார்கள்.

எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர், பக்கவாதம் வந்தவர், மூட்டு மாற்றிக்கொண்டவர், முதுகுத்தண்டு அடிபட்டவர், பிறவியிலேயே கைகால் விளங்காத குழந்தை... எல்லோரும் வந்து சேரும் இடம் இது. டாக்டர் உயிரைக் காப்பாற்றுகிறார். அந்த உயிரை எழுந்து நடக்க வைப்பவர் பிசியோதெரபிஸ்டு.

இது நேற்று முளைத்த தொழில் அல்ல. 1894ல் லண்டனில் நான்கு நர்சுகள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். உடம்பு பிடித்துவிடும் தொழிலுக்கு அப்போது கெட்ட பெயர் இருந்தது. அந்தப் பெயரைத் துடைக்க வேண்டும், பயிற்சியும் பரீட்சையும் வைத்து இதைக் கௌரவமான தொழில் ஆக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். பிரிட்டனின் இன்றைய பிசியோதெரபி சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

முதல் உலகப் போரில் கைகால் இழந்து திரும்பிய சிப்பாய்களால் இந்தத் தொழில் பல நாடுகளில் வளர்ந்தது. நம் நாட்டில் இதை வளர்த்தது இளம்பிள்ளை வாதம். 1950களின் தொடக்கத்தில் மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு இதற்கு ஒரு பள்ளி ஏற்பட்டது.

100க்கு 91 பேர்!

உடம்பைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் இவர்கள். எப்படிக் குனிய வேண்டும், எப்படித் தூக்க வேண்டும் என்று ஊருக்கே பாடம் சொல்கிறவர்கள். இவர்களுக்கு முதுகுவலி வருமா?

வருகிறது!

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா என்ற மாநிலம் இருக்கிறது. அங்குள்ள பிசியோதெரபிஸ்டுகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2000ல் வெளியாயிற்று. வேலையால் உண்டான வலியோ தசைக் காயமோ வாழ்நாளில் ஒரு முறையாவது வந்தது என்று சொன்னவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 100க்கு 91 பேர்!

அது மட்டும் அல்ல. ஆறு பேரில் ஒருவர் அந்த வலியால் வேறு பிரிவுக்கு மாறினார். அல்லது தொழிலையே விட்டார்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பை முடித்தவர்களிடம் விசாரித்தார்கள். 1996ல் முடிவு வந்தது. ஒரே ஆண்டில் இடுப்பு வலி கண்டவர்கள் 100க்கு 45 பேர். மணிக்கட்டிலும் கையிலும் வலி கண்டவர்கள் 100க்கு ஏறத்தாழ 30 பேர்.

இதில் ஆச்சரியம் ஒன்று உண்டு. வயதானவர்களுக்குத்தான் அதிகம் வலி வரும் என்று நாம் நினைப்போம். விக்டோரியா ஆய்வு சொன்னது வேறு. உடம்பின் பெரும்பாலான பகுதிகளில் இளையவர்களுக்குத்தான் வலி அதிகம்!

ஏன்? என்னைச் சந்தித்த அந்தப் பெண் காரணம் சொன்னார்.

"புதிதாக வருகிறவர்களுக்குத்தான் கனமான நோயாளிகளைக் கொடுப்பார்கள். வேகம் இருக்கும், அனுபவம் இருக்காது. துணைக்கு ஆள் கூப்பிட வெட்கமாக இருக்கும். வாயைத் திறக்காமல் தனியாகத் தூக்குவோம்."

முதுகு படும் பாடு

ஓர் ஆளைத் தூக்குவதும் அரிசி மூட்டையைத் தூக்குவதும் ஒன்றா?

இல்லை. மூட்டை அசையாது. மனிதன் அசைவான். மூட்டையை முதுகோடு சேர்த்துச் சுமக்கலாம். கட்டிலில் கிடக்கும் மனிதனைக் கை நீட்டித்தான் தூக்க வேண்டியிருக்கிறது. மூட்டை பயப்படாது. நோயாளி பயந்துபோய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வார்!

கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். நீண்ட கழியின் ஒரு முனையில் சிறு பாரம் இருந்தாலும், மறு பக்கம் குட்டையாக இருந்தால் அங்கே பெரும் பலம் கொடுக்க வேண்டும். நம் முதுகும் அப்படித்தான். முதுகுத் தசைகள் முதுகெலும்பின் நடுப்புள்ளியிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. பாரமோ அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. தூரம் 10 மடங்கு. ஆகையால் தசை இழுக்கும் பலமும் 10 மடங்கு! கையில் 10 கிலோ என்றால், அதற்காக மட்டும் முதுகுத் தசைக்கு ஏறத்தாழ 100 கிலோ வேலை.

10 கிலோ என்பது எவ்வளவு? 60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கால் மட்டுமே சுமார் 10 கிலோ இருக்கும்.

குனிந்தபடியே உடம்பைத் திருப்பினால் ஆபத்து இன்னும் அதிகம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஆளை மாற்றும்போது செய்வது அதுதானே!

அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007ல் ஓர் அளவு சொன்னார். நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் தாங்கும் பாரம் 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மேலே போனால் கருவியின் உதவி வேண்டும்.

நம் ஆஸ்பத்திரிகளில் 16 கிலோ கணக்குப் பார்த்தால் பாதி வேலை நின்றுபோகும்!

கட்டை விரலின் கதை

முதுகுக்கு அடுத்தபடி அடி வாங்குவது கட்டை விரல்.

இறுகிப்போன மூட்டையும் தசையையும் தளர்த்தக் கட்டை விரலால் அழுத்துகிறார்கள். ஒரு நோயாளிக்குச் சில நிமிடம். ஒரு நாளைக்கு எத்தனையோ நோயாளி. இப்படியே வருடம் முழுவதும்.

விரல் நுனியில் 1 கிலோ பலத்தோடு எதையாவது கிள்ளிப் பிடித்தால், கட்டை விரலின் அடி மூட்டில் 12 கிலோ அழுத்தம் விழுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அடி மூட்டு தேய்ந்தால் என்ன ஆகும்?

"பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. பூட்டில் சாவியைத் திருப்ப முடியாது. குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாது" என்று விரலை நீட்டிக் காட்டினார் அந்தப் பெண். அடி மூட்டு சற்றுப் புடைத்திருந்தது.

இப்போது அவர் கட்டை விரலால் அழுத்துவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். முழங்கையையும் உள்ளங்கையையும் சிறு கருவிகளையும் பயன்படுத்துகிறார். கையால் செய்யும் வேலையைக் குறைத்து, நோயாளியே செய்யும் பயிற்சிகளை அதிகமாக்கிவிட்டார்.

"இதனால் எனக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. நான் பிடித்துவிட்டால் வலி கொஞ்ச நேரம் அடங்கும். அவர்களே பயிற்சி செய்தால் பலம் வரும்" என்கிறார்.

ஏன் மறைத்தார்?

முதுகில் சத்தம் கேட்ட அந்த நாளுக்கு வருவோம். அந்தப் பெண் என்ன செய்தார்?

யாரிடமும் சொல்லவில்லை. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்தார். "ஒன்றும் இல்லை அய்யா, பயப்படாதீர்கள்" என்று சிரித்தார். மாலை வரை வேலை செய்தார். வீட்டுக்குப் போனதும் தரையில் படுத்தார். எழுந்திருக்க முடியவில்லை.

கணவரிடம், குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார்.

ஏன் இந்தப் பொய்?

"முதல் காரணம் வெட்கம். முதுகுவலி வராமல் இருக்க நான்தான் எல்லோருக்கும் வழி சொல்கிறேன். எனக்கே வந்துவிட்டது என்றால் என்ன நினைப்பார்கள்? 'இவளுக்கே தூக்கத் தெரியவில்லை' என்று சொல்ல மாட்டார்களா?"

"இரண்டாவது காரணம் பயம். தனியார் ஆஸ்பத்திரி வேலை. நான் படுத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தோம்."

இன்றும் பெயர் வேண்டாம் என்று அவர் சொல்வதற்குக் காரணம் அந்தப் பயம்தான். முதுகு ஒரு முறை போனவர் என்று தெரிந்தால் வேலைக்கு வைத்துக்கொள்ள யோசிப்பார்களாம்!

இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினார். வலி மாத்திரையைப் பையிலேயே வைத்திருந்தார். ஒரு நாள் ஒன்றரை வயது மகள் "தூக்கு" என்று இரு கைகளையும் நீட்டினாள். குனிந்தார். முடியவில்லை. இடது காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி இறங்கியது. குழந்தை அழுதது. அவரும் அழுதார்.

கண்டுபிடித்த அக்கா

மறு நாள் அவருக்கு மேலே இருந்த மூத்த பிசியோதெரபிஸ்டு அவரைத் தனி அறைக்குக் கூப்பிட்டார்.

"எத்தனை நாளாக இது?"

"எது அக்கா?"

"வாசலில் நோயாளி நடந்து வரும்போதே என்ன நோய் என்று சொல்லிவிடுகிறவள் நீ. உன் நடை எனக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூத்தவர் திட்டவில்லை. தம்முடைய மணிக்கட்டைக் காட்டினார். அதில் ஆபரேஷன் செய்த தழும்பு இருந்தது!

"நானும் மறைத்தேன். இரண்டு வருடம் மறைத்தேன். அதனால்தான் கத்தி வைக்க வேண்டியதாயிற்று. நீ அந்தத் தப்பைச் செய்யாதே."

டாக்டர் பார்த்தார். முதுகெலும்பின் இரு எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். நல்ல வேளையாக ஆபரேஷன் தேவைப்படவில்லை. சில நாள் ஓய்வு. பிறகு மெல்ல மெல்ல நடை. அதன் பிறகு தினமும் பயிற்சி. பிறருக்குச் சொல்லிக்கொடுத்த அதே பயிற்சிகளைத் தாமே செய்தார். மூன்று மாதத்தில் முழு வேலைக்குத் திரும்பினார்.

வேலைக்குத் திரும்பியபோது அந்த அக்கா நிர்வாகத்திடம் பேசி மூன்று ஏற்பாடுகளைச் செய்திருந்தார். கனமான நோயாளிக்கு இருவர் சேர்ந்து நிற்க வேண்டும். ஏற்றி இறக்கும் வசதியுள்ள கட்டில் ஒன்று வாங்க வேண்டும். காயம் பட்டால் அன்றே நோட்டில் எழுத வேண்டும். எழுதியதற்காக யாரையும் கேள்வி கேட்கக் கூடாது.

"கட்டிலுக்குக் கொடுத்த பணம் அதிகம் என்று நிர்வாகத்தினர் முணுமுணுத்தார்கள். பழகிய ஆள் ஒருவர் போனால் எவ்வளவு நஷ்டம் என்று அக்கா கணக்குப் போட்டுக் காட்டினார். பேசாமல் வாங்கிவிட்டார்கள்!"

பெல்ட் காப்பாற்றுமா?

இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டால் எவ்வளவு பாரமும் தூக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மேலே சொன்ன அமெரிக்க ஆராய்ச்சி நிலையம் 1994ல் இதை ஆராய்ந்தது. காயம் படாத தொழிலாளியைப் பெல்ட் காப்பாற்றும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பெல்ட் கட்டிய தைரியத்தில் அதிக பாரம் தூக்குவதுதான் நடக்கிறது.

சரியாகத் தூக்கக் கற்றுக்கொண்டால் போதுமா? அதுவும் போதாது. பயிற்சி வகுப்பு மட்டும் நடத்திவிட்டு, ஆளும் கருவியும் கொடுக்காவிட்டால் காயம் குறைவதில்லை. 91 பேர் கணக்கே இதற்குச் சாட்சி. தூக்கத் தெரிந்தவர்களுக்குத்தானே அத்தனை வலியும் வந்தது!

ஆகவே, வேலை செய்கிறவரின் ஜாக்கிரதை ஒரு பாதி. வேலை கொடுக்கிறவரின் பொறுப்பு மறு பாதி.

நாற்பதுக்குப் பிறகு?

இந்தத் தொழிலில் முதுமை வரை இருக்க முடியுமா? முடியும். ஆனால் 25 வயதில் செய்ததையே 50 வயதிலும் செய்ய முடியாது.

மூத்தவர்களுக்கு எத்தனையோ வழிகள் உண்டு. மாணவர்களுக்குப் பாடம் சொல்லலாம். நெஞ்சுச் சளிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மூச்சுப் பயிற்சி தரலாம். முதியோர் கீழே விழாமல் இருக்கக் கூட்டமாகப் பயிற்சி நடத்தலாம். தொழிற்சாலைகளில் மேஜை, நாற்காலி, பாரம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஆலோசனை சொல்லலாம்.

"ஒரு நாளில் கனமான நோயாளிகளை அடுத்தடுத்து வைத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கனம், ஒரு இலகு என்று மாற்றி வைப்பேன். வாரம் மூன்று நாள் என் உடம்புக்குப் பயிற்சி. அதைச் சம்பளம் இல்லாத வேலை என்று நினைக்கிறேன்" என்று சிரிக்கிறார் அந்தப் பெண்.

சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

உடம்பு ஒரு வழியை அடைத்தால் வேறு வழியே இல்லையா? வேலூரில் வாழ்ந்த டாக்டர் மேரி வர்கீஸைப் பாருங்கள்.

அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர். 1954ல் ஒரு கார் விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இளம் வயது!

அவர் மூலையில் உட்காரவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு ஆபரேஷன் செய்யக் கற்றுக்கொண்டார். நிற்க முடியாத கால் அதற்குத் தடையாக இல்லை. பிறகு அமெரிக்கா சென்று, ஊனமுற்றோருக்கு மறுவாழ்வு தரும் வைத்தியத்தைப் படித்தார். அவருடைய முயற்சியால் 1966ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டது. 1972ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பிறரை நடக்க வைக்க, தாம் நடக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று காட்டியவர் அவர்.

உங்கள் வீட்டில் நோயாளி உண்டா?

இது பிசியோதெரபிஸ்டுகளின் கதை மட்டும் அல்ல. படுத்த படுக்கையான பெரியவரைக் கவனிக்கும் ஒவ்வொரு வீட்டின் கதை. மாமியாரைத் தூக்கும் மருமகளுக்கும், தகப்பனாரைத் தூக்கும் மகனுக்கும் முதுகு ஒன்றுதான். அந்தப் பெண் சொன்ன யோசனைகள் இதோ:

1. கட்டில் தாழ்வாக இருந்தால் உறுதியான மரக்கட்டைகளை வைத்து உயர்த்துங்கள். குனிவது குறையும். ஆனால் நோயாளி உட்கார்ந்தால் பாதம் தரையில் பட வேண்டும்.

2. தூக்கும் முன்பு நோயாளியிடம் சொல்லுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுங்கள். அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும்.

3. நாற்காலியில் உட்கார வைப்பதென்றால், நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில் போடுங்கள். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போடுங்கள். ஈரத் தரை கூடாது.

4. அவரைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தி, பாதங்களைத் தரையில் ஊன்ற வையுங்கள். முன்னால் சாயச் சொல்லுங்கள். முன்னால் சாய்ந்தால்தான் எழுந்திருப்பது எளிது.

5. நீங்கள் கால்களை அகற்றி, முழங்காலை மடக்கி, அவருக்கு நெருக்கமாக நில்லுங்கள். இடுப்பில் பிடியுங்கள். விளங்காத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு கெட்டுவிடும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் விடாதீர்கள்.

6. திரும்பும்போது பாதத்தால் திரும்புங்கள். இடுப்பை முறுக்காதீர்கள்.

7. படுக்கையில் மேலே நகர்த்த, அவருக்கு அடியில் ஒரு போர்வையை மடித்துப் போடுங்கள். இருவர் இரு பக்கமும் போர்வையைப் பிடித்து நகர்த்துங்கள்.

8. அவர் விழப்போகிறார் என்றால் நிமிர்த்திப் பிடிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் உடம்போடு சாய்த்து, மெதுவாகத் தரையில் உட்கார வையுங்கள்.

"இந்த எட்டாவது பாடம் எனக்கு 26 வயதில் தெரியும். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். அந்த ஒரு நொடியில் மறந்துவிட்டது" என்றார் அவர்.

இன்னொன்று. முதுகுவலியோடு காலில் பலம் குறைந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் கேள்வி

நான் புறப்படும் நேரம். ஒரு பெண் தம் மாமியாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். மாமியாருக்குப் பக்கவாதம். வீட்டில் வேறு ஆள் இல்லை. மருமகள்தான் எல்லாம்.

பிசியோதெரபிஸ்டு மாமியாரின் கையைப் பிடித்து, "எப்படி இருக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டார். பிறகு மருமகளைப் பார்த்தார். அவர் ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி நின்றார்.

"உங்களுக்கு எத்தனை நாளாக இடுப்பு வலி?"

மருமகள் திடுக்கிட்டார். "எனக்கு ஒன்றும் இல்லை மேடம். அத்தையைப் பாருங்கள்" என்றார்.

"அத்தையைப் பார்க்கிறேன். முதலில் நீங்கள் உட்காருங்கள். நீங்கள் படுத்துவிட்டால் அத்தையை யார் பார்ப்பது?"

மருமகளின் கண்ணில் நீர் வந்தது. அந்த வீட்டில் அதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லைபோலும்!